வாட்டர் ஹீட்டர் கேள்வி பதில்: பெட்டிய மட்டும் பாக்காதீங்க, பின்னால வர்ற வயரையும் பாருங்க

மழை ஆரம்பிச்சதுல இருந்து வாட்டர் ஹீட்டர் கேள்விதான் நெறைய வருது, அதனால இந்த இதழ்ல ஃபேன், ஏர்கோன், கிரைண்டர் எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சுட்டு ஹீட்டர மட்டும் பாப்போம். கேள்விங்கள சுருக்கியிருக்கேன், பேர் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி (செந்தூல்): அண்ணே, குளிக்கும்போது ஷவர் பைப்ப தொட்டா விரல்ல சுர்ருன்னு ஒரு மாதிரி இருக்கு. ஷாக்குன்னு சொல்ல முடியாது, லேசா எறும்பு ஊர்ற மாதிரி. வீட்டுக்காரர் ரப்பர் சிலிப்பர் போட்டுக் குளின்னு சொல்றாரு. ஹீட்டர் பழசு, புதுசு வாங்கி மாட்டுனா சரியாயிருமா?

பதில்: தங்கச்சி, இத படிச்ச உடனே முதல் வேலையா டிபி பாக்ஸ்ல, அதாவது வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியில, ஹீட்டருக்குப் போற எம்சிபிங்கற சின்ன சுவிட்ச இறக்கி விட்ருங்க, பாத்ரூமுக்கு வெளிய இருக்கற சுவிட்சையும் அணைச்சுருங்க, அதுக்கு மேல ஒரு டேப் ஒட்டி யாரும் போடக் கூடாதுன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிருங்க. வயர்மேன் வந்து பாக்கற வரைக்கும் அடுப்புல தண்ணி காயவெச்சுக் குளிங்க. சிலிப்பர நம்பாதீங்க. நனைஞ்ச சிலிப்பர், நனைஞ்ச தரை, ஒரு கை ஈரச் சுவத்துல, இன்னொரு கை பைப்புல, இதுல சிலிப்பர் எதையும் காப்பாத்தாது.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். புது ஹீட்டர் மாட்டுனா சரியாயிருமான்னா, சரியாகலாம், ஆகாமயும் போகலாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இத சரியா புரிஞ்சுக்காமதான் நெறைய பேர் நானூறு ஐநூறு வெள்ளி செலவு பண்ணி புதுப் பெட்டி மாட்டிட்டு அப்புறமும் அந்த சுர்ருன்னு வர்றத தாங்கிக்கிட்டு குளிக்கறாங்க.

ஹீட்டருக்குள்ள தண்ணிய சூடாக்கற எலிமென்ட் இருக்கு. அதோட வெளி உறை நாளாக நாளாக அரிச்சு, முடி மாதிரி மெல்லிசா ஒரு விரிசல் விழுந்தா, அது வழியா கரண்ட் கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்கும் பெட்டியோட உலோக பாகத்துக்கும் கசியும். எர்த் வயர் ஒழுங்கா இருந்தா கசியற கரண்ட் அது வழியா மண்ணுக்குப் போயிரும், அளவு தாண்டுன உடனே ஈஎல்சிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா அணையற சுவிட்ச், விழுந்துரும், உங்க கை வரைக்கும் ஒண்ணும் வராது. உங்க கைக்கு வருதுன்னா எர்த் சரியில்லன்னு அர்த்தம். எலிமென்ட் கெட்டது ஒரு கோளாறு, எர்த் இல்லாதது வேற கோளாறு, ரெண்டாவதுதான் ஆள கொல்லும்.

இன்னொரு விஷயமும் இருக்கு, இத யாரும் சொல்றதில்ல. கசிவு உங்க ஹீட்டர்லயே இல்லாமலும் இருக்கலாம். வீட்டுல இருக்கற எல்லா பிளக் பாயின்ட்டோட எர்த் வயரும், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாத்தோட எர்த்தும் டிபி பாக்ஸ்ல ஒரே இடத்துல சேருது. அங்கேருந்து வெளிய போயி மண்ணுல அடிச்ச எர்த் கம்பியில முடியுது. அந்த வெளிப்பக்க வயர் அறுந்து போச்சுன்னா, வாஷிங் மெஷின்ல கசியற கரண்ட் போக வழி இல்லாம எர்த் வயர் வழியாவே சுத்தி வந்து உங்க ஹீட்டர் பெட்டியில நிக்கும். நீங்க ஹீட்டர மாத்துவீங்க, சுர்ருன்னு வர்றது அப்படியே இருக்கும். நம்ம பக்கம் தரைவீடுங்கள்ல கார் போர்ச்ச பெருசாக்கி டைல்ஸ் போடும்போது அந்த கம்பிய சிமெண்டுக்குள்ள மூடிருவாங்க, இல்ல வயர வெட்டி விட்டுட்டு சொல்லாமயே போயிருவாங்க. வீட்டுல ரெனவேஷன் பண்ணீங்கன்னா வயர்மேன் வரும்போது மொதல்ல இத சொல்லுங்க.

அடுத்தது ஈஎல்சிபி. கடையில ஆர்சிசிபின்னும் சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்குங்க. டிபி பாக்ஸ்ல அதோட முகத்துலயே எவ்ளோ கசிஞ்சா விழும்னு ஒரு எண் போட்டிருக்கும், 0.1 ஆம்ப் இல்லன்னா 100 மில்லி ஆம்ப், 0.03 இல்லன்னா 30, 0.01 இல்லன்னா 10. பழைய வீடுங்கள்ல வீடு முழுக்க ஒரே ஒரு 100தான் இருக்கும். அது வீடு தீப்பிடிக்காம இருக்க உதவும், ஆள காப்பாத்த போதாது. 10 மில்லி ஆம்ப் உடம்புல ஓடுனாலே கை இறுகிப் போயி புடிச்சத விட முடியாம ஆகலாம், 30க்கு மேல கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடுனா நெஞ்சுத் துடிப்பே தடுமாறிப் போற ஆபத்து இருக்கு. அதனாலதான் நம்ம மலேசிய நாட்டு விதிமுறையில ஈரமான இடத்துக்கு, வாட்டர் ஹீட்டருக்குன்னு குறிப்பா, 10 மில்லி ஆம்ப் ஈஎல்சிபி போடணும்னு இருக்கு. உங்க வீட்டுல அது இல்லன்னா புது ஹீட்டருக்கு முன்னால அத போடுங்க, கையில பணம் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா ஈஎல்சிபிக்குக் குடுங்க.

ஹீட்டர்லயே டெஸ்ட் பட்டன் இருக்கே, அமுக்குனா விழுதே, அப்ப எல்லாம் சரிதானேன்னு கேப்பீங்க. அந்த பட்டன் ஹீட்டருக்குள்ளயே இருக்கற ஈஎல்சிபி வேலை செய்யுதான்னு மட்டும்தான் காட்டும். எர்த் வயரே இல்லாத வீட்டுலயும் பட்டன அமுக்குனா அது விழும். எர்த் இருக்கா இல்லையான்னு பாக்க மீட்டர் வெச்சு அளக்கணும், அது வயர்மேன் வேலை.

வயர்மேன்னா யாரோ தெரிஞ்ச பையன கூப்பிடாதீங்கம்மா. எரிசக்தி ஆணையம், நம்ம எல்லாரும் சொல்ற சுருஹான்ஜாயா தெனாகா, அங்க பதிவு பண்ண பெண்டாவாய், அதாவது வயர்மேன், கார்டு வெச்சிருப்பாங்க, கேட்டா காட்டணும். அவர்கிட்ட எர்த்த அளந்து காட்டுங்கன்னும், உள்ள கசிவு இருக்கான்னு அளக்கற 500 வோல்ட் மெகர் டெஸ்ட ஹீட்டருக்குப் போடுங்கன்னும் கேளுங்க. இத கேட்ட உடனே தேவையில்லன்னு சொல்றவரு வேண்டாம், வேற ஆள பாருங்க.

கேள்வி (பிறை): தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சு வீட்டுல எல்லாரும் வரிசையா குளிச்சோம். மொத ரெண்டு பேருக்கு ஒண்ணும் இல்ல, மூணாவது ஆள் பாதி குளியல்ல இருக்கும்போது வீடே இருட்டாயிருச்சு. திரும்ப ஏத்துனா நிக்குது, கொஞ்ச நேரம் சூடானா மறுபடியும் விழுது. இப்ப தினமும் இதே கதை.

பதில்: மொதல்ல எது விழுதுன்னு பாக்கணும். வீடே இருட்டாகுதுன்னா விழறது ஈஎல்சிபி, அப்ப கசிவு. ஹீட்டரோட எம்சிபி மட்டும் விழுந்து மத்த லைட்டெல்லாம் எரிஞ்சா அது லோடு கூடுனதால, இல்ல எங்கயோ ஸ்க்ரூ லூஸாகி சூடானதால. உங்களுக்கு வீடே போகுது, அதுவும் சூடான பிறகுதான் போகுது. எலிமென்ட் ஆறி இருக்கும்போது விரிசல் மூடி இருக்கும், சூடாகி விரியும்போது கசிய ஆரம்பிக்கும், அதான் மொத ரெண்டு பேர் தப்பிச்சாங்க. பெரும்பாலும் எலிமென்ட்தான்.

ஆனா உறுதிப்படுத்திக்க ஒரு வழி இருக்கு, நீங்களே பண்ணலாம், எதையும் கழட்ட வேண்டாம். பாத்ரூமுக்கு வெளிய இருக்கற 20 ஆம்ப் பெரிய சுவிட்ச், சின்ன சிவப்பு லைட் எரியுமே, அத அணைச்சு வெச்சுட்டு ஒரு நாள் ஹீட்டர் இல்லாம இருங்க. அந்த நாள் முழுக்க ஒண்ணும் விழலன்னா ஹீட்டர்தான் குற்றவாளி. எம்சிபிய மட்டும் இறக்கிட்டு சோதிச்சா பத்தாது, ஏன்னா வீட்டு எம்சிபி லைவ் வயர மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் ஹீட்டரோட ஒட்டிக்கிட்டே இருக்கும், நியூட்ரலும் எர்த்தும் உள்ள தொட்டுக்கிட்டு இருந்தா எம்சிபி இறங்கி இருந்தாலும் ஈஎல்சிபி விழும். வெளி சுவிட்ச் ரெண்டையும் வெட்டும். இது தெரியாம ஹீட்டர் நல்லாத்தான் இருக்குன்னு முடிவு பண்ணி வீட்டு வயரிங்கையே நோண்டறவங்க உண்டு.

சாயங்கால இடி மின்னலுக்கு மட்டும் எப்பயாவது ஒரு தடவ விழுதுன்னா அத பெருசா எடுத்துக்க வேண்டாம், நம்ம ஊர் மின்னலுக்கு அது நடக்கறதுதான். குளிக்கறப்ப தினமும் விழறது அப்படி இல்ல. முக்கியமா ஒண்ணு, விழுதேன்னு கோவத்துல ஈஎல்சிபிய பைபாஸ் பண்ணி வயர நேரா குடுக்கறேன்னு யாராவது வந்தா வீட்டுக்குள்ளயே விடாதீங்க. அது உங்க பிள்ளைங்க உயிர புடிச்சு வெச்சிருக்கு.

கேள்வி (ஜெலுத்தோங்): ஒவ்வொரு தடவ தண்ணி கட் ஆகி திரும்ப வந்த பிறகும் ஹீட்டர் சூடே ஆகறதில்ல. லைட் எரியுது, தண்ணி வருது, ஆனா பச்சத்தண்ணி. ரெண்டு மூணு நாள்ல தானா சரியாகும், சில சமயம் ஆகாது.

பதில்: இது வயர்மேன் வேலை இல்லைங்க, ஒரு பழைய டூத்பிரஷ் வேலை. ஹீட்டருக்குள்ள ஒரு ஃப்ளோ சுவிட்ச் இருக்கு, தண்ணி போதுமான வேகத்துல ஓடுனாதான் எலிமென்டுக்கு கரண்ட விடும். தண்ணி இல்லாம எலிமென்ட் காஞ்சு எரியாம இருக்க அத வெச்சிருக்காங்க. தண்ணி கட் ஆகி திரும்ப வரும்போது பைப்ல படிஞ்சிருந்த துருவும் சேறும் கிளம்பி வந்து ஹீட்டர் வாய்ல இருக்கற சின்ன வலைய அடைச்சுக்கும். வேகம் குறையும், சுவிட்ச் பேசாம இருக்கும், பச்சத்தண்ணி வரும். 2024 ஜனவரியில சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துல வால்வு மாத்த பினாங்குல நாலு நாள் தண்ணி நிறுத்துனாங்களே, அந்த மாதிரி பெரிய கட்டுக்கு அப்புறம் இது நிச்சயமா வரும்.

சுவிட்ச அணைங்க, எம்சிபியையும் இறக்குங்க. ஹீட்டருக்கு கீழ சுவத்துல இருந்து வர்ற பைப்ல ஒரு சின்ன வால்வு இருக்கும், அத மூடுங்க. ஹீட்டருக்குள்ள தண்ணி போற பக்கத்து நட்ட ஸ்பேனர் வெச்சு மெதுவா கழட்டுனா உள்ள வலை தெரியும், எடுத்து டூத்பிரஷ்ல கழுவுங்க. சில மாடல்ல வலை தனியா ஒரு மூடிக்குள்ள இருக்கும், கையாலயே திருகி எடுக்கலாம். ஷவர் ஹெட்டையும் கழட்டி வினிகர்ல ஊறப்போட்டு ஓட்டைங்கள ஊசியால குத்தி விடுங்க. திரும்ப மாட்டி, தண்ணிய மட்டும் விட்டு அழுக்கு போற வரைக்கும் ஓட விட்டுட்டு, ஒழுகல் இல்லன்னு பாத்த பிறகுதான் கரண்ட போடணும். பெட்டி மூடிய தொறக்கற வேலை இதுல இல்ல, தொறக்கவும் வேண்டாம்.

அடுத்த தடவ தண்ணி திரும்ப வந்த உடனே ஹீட்டர் வால்வ மூடி வெச்சுட்டு, வேற குழாய்ல கலங்கல் தெளியற வரைக்கும் ஓட விட்டுட்டு அப்புறம் ஹீட்டர தொறங்க. வலைய கழுவியும் சூடாகலன்னா ஃப்ளோ சுவிட்சோ, சூட்ட அளவோட வெக்கற தெர்மோஸ்டாட்டோ போயிருக்கலாம், ரெண்டும் மாத்தக்கூடிய சாமான்தான், பெட்டிய தூக்கிப் போட வேண்டியதில்ல.

கேள்வி (கெப்போங்): மகளுக்கு குழந்தை பொறந்திருக்கு. நல்ல வெந்நீர்ல குளிப்பாட்டணும், ஹீட்டர ஃபுல்லா வெச்சாலும் வெதுவெதுன்னுதான் வருது. பெரிய பவர் ஹீட்டர் மாத்தணுமா?

பதில்: வாழ்த்துகள்மா, தாயும் பிள்ளையும் நல்லா இருக்கட்டும். மாத்த வேண்டாம், தண்ணியோட அளவ குறைங்க, அவ்ளோதான். கணக்கு சொல்றேன். நம்ம வீட்டு ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட். நிமிஷத்துக்கு 4 லிட்டர் தண்ணி ஓடுனா அது 13 டிகிரி கூட்டும், 3 லிட்டர்னா 17 டிகிரி. குழாய் தண்ணி நம்ம ஊர்ல 27, 28 டிகிரி இருக்கும், அப்ப 4 லிட்டர்ல 41 கிட்ட வரும், 3 லிட்டர்ல 45. வால்வ ஃபுல்லா தொறந்து 6 லிட்டர் ஓட விட்டீங்கன்னா 9 டிகிரிக்கு மேல கூடாது, வெதுவெதுன்னுதான் இருக்கும். பெட்டியில கோளாறு இல்ல.

ஹீட்டருக்கு தண்ணி வர்ற பக்கத்து வால்வத்தான் குறைக்கணும். ஹீட்டர்ல இருந்து தண்ணி வெளிய போற பக்கத்துல குழாயோ அடைப்போ எதுவும் போடவே கூடாது, நம்ம வீட்டுல இருக்கற சாதாரண ஹீட்டர் வெளிவழி தொறந்தே இருக்கணும்னு செஞ்சது, அடைச்சா உள்ள அழுத்தம் ஏறி தொட்டி வெடிக்கலாம். கையில புடிக்கற ஷவர்ல நிறுத்தற பட்டன் இருக்கே, அந்த மாதிரி ஷவர் ஹெட்ட இதுக்கு மாட்டறதும் தப்பு.

குழந்தைய மட்டும் ஷவர் தண்ணிக்கு நேரா கீழ காட்டாதீங்க. வேற யாராவது வீட்டுல குழாய தொறந்தா அழுத்தம் குறைஞ்சு அந்த நொடி தண்ணி சுடும். பேசின்ல புடிச்சு, பச்சத்தண்ணி கலந்து, முழங்கைய விட்டுப் பாத்து குளிப்பாட்டுங்க. இலை போட்டு காய்ச்சற தண்ணிய எப்பவும் போல அடுப்புலயே காய்ச்சுங்க.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): இங்கிலாந்துல இருக்கற அண்ணன் அங்க வீட்டுல மாட்டற எலக்ட்ரிக் ஷவர் ஒண்ணு புதுசா கொண்டு வந்து குடுத்தாரு. 9.5 கிலோவாட். நம்ம ஹீட்டர விட ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கும்ல? இங்க மாட்டலாமா?

பதில்: அண்ணன் ஆசையா கொண்டு வந்திருக்காரு, ஆனா வேண்டாங்க. அது கிட்டத்தட்ட 40 ஆம்ப் இழுக்கும். நம்ம ஹீட்டர் இழுக்கறது 15, 16 ஆம்ப்தான், அதுக்குத்தான் வயரும் 20 ஆம்ப் எம்சிபியும் போட்டிருக்கு. சிங்கிள் ஃபேஸ் வீட்டோட மெயின் சுவிட்சே 63 ஆம்ப், அதுல ஒரு ஷவரே 40 எடுத்துக்கிட்டா ரெண்டு ஏர்கோனும் கேத்தலும் சேர்ந்தாலே மெயின் விளிம்புக்கு வந்துரும், விழவும் செய்யலாம். அங்க அதுக்குன்னே 10 எம்எம் மாதிரி தடிச்ச வயர தனியா இழுத்து மாட்டறாங்க.

அங்க ஏன் அவ்ளோ பெருசுன்னா, குளிர்காலத்துல குழாய் தண்ணி 5 டிகிரிக்கெல்லாம் வரும். அத 40க்கு ஏத்தணும்னா 35 டிகிரி கூட்டணும். 9.5 கிலோவாட் ஷவர் அந்த சூட்டுக்கு நிமிஷத்துக்கு 4 லிட்டர் கூட குடுக்காது. நம்ம 3.6 கிலோவாட் பெட்டி இங்க அதே 4 லிட்டர அதே சூட்டுல குடுக்குது. அப்ப நீங்க குளிக்கறதுல ஒரு வித்தியாசமும் தெரியாது. அதோட இங்க விக்கற ஷவர் ஹீட்டர்ல எரிசக்தி ஆணையம், சிரிம்கற தரச் சோதனை நிறுவனம், ரெண்டோட பேரும் போட்ட ஸ்டிக்கர் இருக்கணும், நம்ம நாட்டுக்குன்னு சோதிச்சு ஏத்துக்கிட்டதுக்கு அடையாளம் அது. ஆன்லைன்ல மலிவா வாங்கறவங்களும் அந்த ஸ்டிக்கர பாத்து வாங்குங்க, ஸ்டிக்கர் இல்லாத ஹீட்டர பரிசா குடுத்தாலும் மாட்டாதீங்க.

கேள்வி (கெளுகோர்): வாடகை ரூம்ல தங்கி படிக்கறேன் அண்ணா. பாத்ரூம் வெளிய இருக்கற ஹீட்டர் சுவிட்ச் மஞ்சளாகி ஓரம் உருகுன மாதிரி இருக்கு, குளிக்கும்போது மீன் வாடை மாதிரி ஒரு நாத்தம் வருது. ஓனர்கிட்ட சொன்னா ஹீட்டர் சூடாகுதுல்ல, அப்புறம் என்னங்கறாரு. ஹவுஸ்மேட் ஒருத்தன் பிளக் மாட்டி எக்ஸ்டென்ஷன்ல குடுத்துக்கலாம்னு சொல்றான்.

பதில்: தம்பி, அந்த மீன் வாடை பிளாஸ்டிக் வேகற வாடை. சுவிட்சுக்குள்ள வயர் புடிக்கற ஸ்க்ரூ லூஸாகி, அந்த இடத்துல 15 ஆம்ப் ஓடி ஓடி சூடேறி வேகுது. இதுக்கு ஈஎல்சிபியும் விழாது, எம்சிபியும் விழாது, ஏன்னா கசிவும் இல்ல, லோடும் கூடல. ஒண்ணுமே விழாம சுவத்துக்குள்ள தீப்பிடிக்கறது இப்படித்தான். இன்னிக்கே நிறுத்து. எம்சிபிய இறக்கிடு, அந்த சுவிட்ச தொடாத.

எக்ஸ்டென்ஷன் பேச்சே வேண்டாம். பிளக் 13 ஆம்ப், ஹீட்டர் அதுக்கு மேல இழுக்குது, பிளக்கும் வேகும், ஈரத்துல எக்ஸ்டென்ஷன் கிடக்கும்.

சுவிட்ச்சோட ஃபோட்டோ எடு, தேதியோட ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு, இது தீ ஆபத்து, ரிஜிஸ்டர்ட் வயர்மேன வெச்சு மாத்துங்கன்னு மரியாதையா எழுத்துல கேளு. ரிப்பேர் யார் பொறுப்புன்னு உன் அக்ரீமென்ட்டுல இருக்கும், எடுத்துப் பாரு. ஒரு 20 ஆம்ப் சுவிட்ச் பெரிய விலை இல்ல, கருகுன வயர் முனைய வெட்டி புதுசா முறுக்கி இறுக்குனா வேலை முடிஞ்சது. ஆனா ஹீட்டருக்குள்ள இருக்கற டெர்மினலும் அதே மாதிரி கருகியிருக்கலாம், அதையும் தொறந்து பாக்கச் சொல்லு. ஓனர் அசையலன்னா ஹவுஸ்மேட்டுங்க எல்லாரும் சேர்ந்து பேசுங்க, தனியா ஒருத்தன் கேட்டா காதுல விழாதது நாலு பேர் சேர்ந்து கேட்டா விழும். வீட்டுக்கும் ஒரு ஃபோன் போட்டு சொல்லி வை தம்பி, பெரியவங்க பேசுனா ஓனர் கேப்பாரு.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): ஃப்ளாட்ல மேல் மாடி, தண்ணி நூல் மாதிரி வருது. பம்ப் வெச்ச ஹீட்டர் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், டேங்கில இருந்து வர்ற தண்ணிக்கு மட்டும். ரோட்டு மெயின் பைப்புல இருந்து நேரா வர்ற லைன்ல பம்ப் வெச்சு உறிஞ்சக் கூடாது. டேங்கி உங்க பாத்ரூமுக்கு மேல ஒண்ணு ரெண்டு மீட்டர்ல இருந்தா அழுத்தம் அவ்ளோதான் இருக்கும், பம்ப் உதவும். டிசி பம்ப் சத்தம் கம்மி, நான் அதத்தான் சொல்வேன். வாங்கறதுக்கு முன்னால வலையையும் ஷவர் ஹெட்டையும் ஒரு தடவ கழுவிப் பாத்துருங்க.

கேள்வி (செராஸ்): ஹீட்டர் வாங்கி எட்டு, ஒம்பது வருஷம் ஆச்சு. வந்து பாத்தவரு தெர்மோஸ்டாட் போச்சு, ஆனா ரிப்பேர் வேஸ்ட், புதுசு மாட்டுங்கங்கறாரு. அவர நம்பலாமா?

பதில்: அவர் சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா கேக்க வேண்டிய கேள்வி கேட்டுட்டு முடிவு பண்ணுங்க ஐயா. தெர்மோஸ்டாட், ஃப்ளோ சுவிட்ச், சூடு கூட்டற நாப், ஷவர் ஹோஸ், இதெல்லாம் தனியா மாத்தற சாமான். உங்க பிராண்டோட சர்வீஸ் சென்டர்ல கிடைக்கும். புடூ பக்கத்துல ஜாலான் பாசார்ல எலக்ட்ரிக் எலக்ட்ரானிக் உதிரி சாமான் கடைங்க நெறைய இருக்கு, பழச கையோட கொண்டு போயி காட்டி அதே மாதிரி கேட்டுப் பாருங்க. மூணு நாலு வருஷப் பெட்டின்னா நான் ரிப்பேர்தான் பண்ணச் சொல்வேன்.

ஆனா உள்ள தொட்டியே ஒழுகுது, எலிமென்ட் கசியுது, டெர்மினல் சுத்தி பிளாஸ்டிக் கருகிப் போச்சு, இதுல ஒண்ணு இருந்தாலும் மாத்திருங்க. எட்டு ஒம்பது வருஷத்துக்கு தெர்மோஸ்டாட் மட்டும் போயிருந்தாலும் எலிமென்ட் எப்படி இருக்குன்னு மெகர் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. அளவு நல்லா இருந்தா ரிப்பேர், கசிவு காட்டுனா புதுசு. டெஸ்ட் பண்ணாம வாயால சொல்றதுக்கு காசு குடுக்காதீங்க.

புதுசு மாட்டறதா இருந்தா, தண்ணி உள்ள போற வழி எடப்பக்கமா வலப்பக்கமான்னு பழசுல பாத்து வெச்சுக்கிட்டு கடைக்குப் போங்க, இல்லன்னா சுவத்துல பைப்ப மாத்தற வேலை தனியா வரும். பவர் 3.6க்குப் பக்கத்துல இருக்கட்டும். வயர்மேன் மாட்டும்போது பக்கத்துல நின்னு நாலு விஷயத்த பாருங்க. டிபி பாக்ஸ்ல இருந்து ஹீட்டருக்கு தனி வயர் வருதா, அது எந்த சைஸ், புதுசா இழுக்கறதா இருந்தா நான் 4 எம்எம் போடச் சொல்வேன். எர்த் வயர் பெட்டியில இறுக்கமா மாட்டியிருக்கா. டிபி பாக்ஸ்ல 10 மில்லி ஆம்ப் ஈஎல்சிபி ஹீட்டருக்கு இருக்கா. வெளி சுவிட்ச் பழசா இருந்தா அதையும் சேர்த்து மாத்துறாரா. பழைய வயர்ல சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புது ஹீட்டர் புக்ல பிரவுன், நீலம், பச்சை-மஞ்சள்னு இருக்கும். நம்ம ஊர்ல மூணு ஃபேஸ் வீட்டுல சுவத்துக்குள்ள வர்ற நீல வயர் லைவா இருக்கலாம், புக்ல இருக்கற நீலத்தப் பாத்து நியூட்ரல்னு மாட்டிட்டா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. யூட்யூப் பாத்து தானா மாட்டிக்கறேங்கற மகன்கிட்ட இத படிச்சுக் காட்டுங்க.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): ஹீட்டர் சுவிட்ச எப்பவும் ஆன்லயே வெச்சிருக்கோம். கரண்ட் பில் ஏறுமா?

பதில்: நம்ம இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கு பில் ஏறாது, தண்ணி ஓடும்போதுதான் அது கரண்ட் எடுக்கும். பத்து நிமிஷக் குளியலுக்கு 0.6 யூனிட் ஆகும். பெரிய தொட்டி வெச்ச ஸ்டோரேஜ் ஹீட்டர்தான் ஆன்லயே கிடந்தா பில்ல ஏத்தும், சூடு ஆற ஆற திரும்ப காய்ச்சிக்கிட்டே இருக்கும். பில்லுக்காக இல்லன்னாலும் குளிச்சு முடிச்சா சுவிட்ச அணைச்சுருங்க, மின்னல் அடிச்சா உள்ள இருக்கற போர்டு தப்பிக்கும். மாசம் ஒரு தடவ, ஆன்ல இருக்கும்போது, தண்ணி ஓட விட்டு, கைய தொடச்சுக்கிட்டு டெஸ்ட் பட்டன அமுக்குங்க. அமுக்குன உடனே விழணும். விழலன்னா அன்னிக்கு யாரும் அதுல குளிக்க வேண்டாம், வயர்மேனுக்கு ஃபோன் போடுங்க.